பழைய சில்லுக்கும் புதிய சில்லுக்கும் ஒரே நிரலா? லினக்ஸ் இயக்கியில் நடக்கும் 'பாகப்பிரிவினை'

மலாக்கா - விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த மடிக்கணினிகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றுள் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. தூக்கிப் போட மனம் வராதவர்களுக்குச் சொல்லப்படும் வழி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். ஆனால் பத்தாண்டு பழைய சில்லு, இன்று எழுதப்பட்ட லினக்ஸில் எப்படி வேலை செய்கிறது?

அந்த வேலையைப் பார்ப்பது 'டிரைவர்' எனப்படும் இயக்கி. தோட்டத்தில் துரை சொன்னதை மண்டோர் தொழிலாளர்களுக்குப் புரியும்படி பிரித்துச் சொல்வார் அல்லவா? இயங்குதளம் துரை, சில்லு தொழிலாளி, நடுவில் நிற்கும் மண்டோர்தான் இயக்கி.

இன்டெல் கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான லினக்ஸ் இயக்கியின் பெயர் ஐ915. இது 2004-இல் வந்த 915 சில்லுத் தொகுதியின் பெயர். ஆனால் அதற்கும் முந்திய 830 முதல் அண்மைக்கால மடிக்கணினிகள் வரை, 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சில்லுகளை இந்த ஒரே மண்டோர் மேய்த்து வந்திருக்கிறார்.

ஒவ்வொரு புதிய சில்லும் முந்தியதன் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு சிலவற்றை மட்டும் மாற்றும். அதனால் நிரலாளர்கள் பழைய நிரலை எடுத்து, 'இந்தத் தலைமுறை என்றால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி' என்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2015-இல் வந்த ஸ்கைலேக் சில்லுக்காக எழுதிய செயற்கூறு, அந்தப் பெயரின் சுருக்கத்தையே முன்னொட்டாகத் தாங்கிக்கொண்டு, பின்னால் வந்த சில்லுகளிலும் ஓடுகிறது. மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் 'ரப்பர் தோட்டம்' என்றே நாம் அழைப்பதைப் போலத்தான்.

புதிய சில்லுக்காக ஒரு வரியைத் திருத்தினால், அதே வரியை நம்பியிருக்கும் பழைய கணினியின் திரை இருண்டு போகலாம். அந்தக் கணினியை வைத்திருப்பவருக்குக் காரணம் தெரியாது. 'பழசு, கெட்டுப்போச்சு' என்று ஓரமாக வைத்துவிடுவார்.

2021-இல் முதல் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை முழுச் சில்லுக்கும் ஒரே தலைமுறை எண். அதைக் கைவிட்டு, வரைகலைக்கு ஓர் எண், காணொளிக்கு ஓர் எண், திரைக்கு ஓர் எண் எனப் பிரித்தார்கள். 2023 டிசம்பரில் வெளியான மெட்டியோர் லேக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அதன் வரைகலைப் பகுதி 12.70, காணொளிப் பகுதி 13, திரைப் பகுதி 14. ஒரே சில்லுக்குள் மூன்று வயது! இதை 'எத்தனையாம் தலைமுறை' என்று கேட்பதில் பொருளில்லை.

அடுத்தது இன்னும் துணிச்சலான வேலை. எக்ஸ்இ என்ற புதிய இயக்கியை இன்டெல் 2022 டிசம்பரில் லினக்ஸ் நிரலாளர்களின் பார்வைக்கு வைத்தது. அது 2024 மார்ச் மாதம் வெளியான லினக்ஸ் 6.8-இல் இடம்பெற்றது. 2020-இல் வந்த டைகர் லேக்கும் அதற்குப் பின் வந்தவையும் மட்டுமே அதன் பொறுப்பு. பழையவை ஐ915-இடமே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். திரையைக் கட்டுப்படுத்தும் நிரல் மிகப் பெரியது. அதை நகலெடுத்துப் புதிய வீட்டில் வைத்தால், நாளை ஒரு பிழையைக் கண்டால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் திருத்தி மற்றதை மறப்பது மனித இயல்பு. எனவே திரைப் பகுதியை மட்டும் பொதுச் சொத்தாக வைத்தார்கள். நிரல் கோப்பு ஒன்றுதான். ஐ915-க்காக ஒரு முறையும் எக்ஸ்இ-க்காக ஒரு முறையுமாக இரண்டு தடவை தொகுக்கப்படுகிறது. பழைய வீட்டின் பெயர்களைத் தேடும் அந்த நிரலை ஏமாற்ற, அதே பெயர்களில் ஒப்புக்குச் சில தலைப்புக் கோப்புகளும் வைக்கப்பட்டன. பார்க்க அழகாக இல்லை என்றாலும் விவேகமான ஏற்பாடு. பிறகு, திரை நிரல் எந்த வீட்டையும் சாராமல் தனித்து நிற்கும்படி அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

மலாக்காவுக்கு இது அந்நியமான செய்தியல்ல. பத்து பெரெண்டாமில் 1973 முதல் இயங்கும் இன்ஃபினியன் (முன்பு சீமென்ஸ்) ஆலைக்குத் தோட்டங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போனவர்கள் நம்மில் பலர். அந்நிறுவனத்தின் ஆரிக்ஸ் வகைக் கார் சில்லுகளும் டிசி2, டிசி3, டிசி4 எனத் தலைமுறை தாண்டி வந்தவைதான். அங்கும் இதே தலைவலி உண்டு.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம், 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. சில்லைப் பொருத்திச் சோதிப்பதோடு நிற்காமல், அதற்கான இயக்கியை எழுதும் வேலைக்கும் ஆள் தேவைப்படும். ஐ915, எக்ஸ்இ இரண்டின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. டுரியான் துங்கால் யுடெம் பல்கலைக்கழகத்திலோ புக்கிட் பெருவாங் எம்எம்யூவிலோ கணினியியல் படிக்கும் மாணவர் யாரும் கட்டணமின்றி இறக்கிப் படிக்கலாம். முதலில் திரைப் பகுதிக் கோப்புறையைத் திறந்து பார்ப்பது நல்லது.