அடக்கினால் ஆபத்து

நீர்க்கடுப்பை 'உடம்புச் சூடு' என்று ஒதுக்குவதும், மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவதும் சின்னத் தொற்றைச் சிறுநீரகம் வரை கொண்டுபோய்விடலாம்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள், ஒரு காலத்தில் பகலில் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். குடித்தால் சிறுநீர் வரும். போக இடம் இல்லை. பல கடைகளில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டில் போனால், மறுபடி ராத்திரி வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். அதே தெருவில் தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி இந்தப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய குரல், உட்கார நாற்காலி கேட்கும் போராட்டமாக வளர்ந்தது. 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்றது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் இயற்றியது. மும்பையிலோ, பொதுக் கழிப்பறையில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்கு மட்டும் காசா என்று கேட்டு 2011-இல் பெண்கள் அமைப்புகள் இயக்கம் நடத்தின.

சட்டங்கள் வந்தன. ஆனால் வயல் வேலைக்குப் போகும் பெண், போக்குவரத்துச் சந்திப்பில் நிற்கும் பெண் போலீஸ், பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கு அஞ்சும் மாணவி, நீண்ட பஸ் பயணத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் இன்னமும் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் விலையைச் சிறுநீர்ப் பாதை கொடுக்கிறது.

கிருமியின் கணக்கு

சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ. கோலை என்ற பாக்டீரியா. குடலில் சாதுவாக வாழும் கிருமி இது. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்த் துவாரத்தை எட்டினால் தொல்லை தொடங்குகிறது. ஆணுக்குச் சிறுநீர்த் தாரை ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், பெண்ணுக்கு 4 செ.மீ.தான். கிருமி சிறுநீர்ப்பையை அடையக் கடக்க வேண்டிய தூரம் அவ்வளவே. பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருவது இதனால்தான்.

அடக்குவது தானாக நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் சாதகமான சூழலில் ஈ. கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக் கூடியது. அவ்வப்போது சிறுநீர் கழிப்பது உள்ளே நுழைந்த கிருமியைக் கழுவித் தள்ளும் வேலை. அந்த வேலை பத்து மணி நேரம் நின்றுபோனால் லாபம் கிருமிக்குத்தான்.

எரிச்சல் சொல்லும் சேதி

தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கும்போது அடையாளங்கள் தெளிவானவை. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற அவசரம், போனால் சில சொட்டுகள், அடிவயிற்றில் வலி, கலங்கலான, சில சமயம் ரத்தம் கலந்த சிறுநீர். காய்ச்சல் பொதுவாக இருக்காது.

தமிழில் இதற்கு 'நீர்க்கடுப்பு', 'சூடு பிடித்துவிட்டது' என்று பெயர். இந்தி பேசும் ஊர்களிலும் 'கர்மி' என்றே சொல்கிறார்கள். இளநீர், மோர், பார்லித் தண்ணீர் என்று வைத்தியம் தொடங்குகிறது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர் அடர்ந்து எரிந்தால் இவை போதும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒரு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தும் எரிச்சல் தொடர்ந்தால் அது சூடு அல்ல, தொற்றாக இருக்கக்கூடும். டாக்டரைப் பார்க்கும் நேரம் அது. அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அதையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருமணமான புதிதில் பல பெண்களுக்கு இந்தத் தொற்று வருகிறது. உறவின்போது கிருமி மேலே தள்ளப்படுவதால் வருவது இது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் பால்வினை நோய் அல்ல. இதை யாரும் சொல்லித் தராததால் மாமியார் வீட்டில் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு.

பொறுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. கிருமி மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்தால் காட்சி மாறுகிறது: உடலைத் தூக்கிப்போடும் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, குமட்டல், வாந்தி. இவை தெரிந்தால் அன்றைக்கே டாக்டர். மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம், மூச்சு இரைப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைவது என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். உயிருக்கே உலை வைக்கும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

சிலர் ஒரு நாள்கூடப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. முதலில் கர்ப்பிணிகள். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும். கவனிக்காவிட்டால் சிறுநீரகத் தொற்றாகி, குறைப்பிரசவம் வரை போகலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்வது வெறும் சடங்கு அல்ல.

அடுத்து நீரிழிவு நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் இவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். இவர்களுக்குத் தொற்று எளிதில் வருகிறது, வேகமாக முற்றுகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், டியூப் பொருத்தப்பட்டவர்கள் நிலையும் அதுதான். ஆண்களுக்கு இந்தத் தொற்று அரிது. வந்தால் புராஸ்டேட் வீக்கம் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பேச முடியாதவர்களின் அடையாளங்கள் வேறு. கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது. முதியவருக்குக் காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், தடுமாற்றம். இந்த இடங்களில் சிறுநீரையும் சோதிக்க வேண்டும்.

பாட்டிலில் இருக்கும் விடை

சாதாரணப் பரிசோதனை சீழ் செல்கள் இருக்கின்றனவா என்று காட்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குப் பணியும் என்பதை 'கல்ச்சர்' பரிசோதனைதான் சொல்லும். முடிவு தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை, லேப் தரும் சுத்தமான பாட்டிலில் பிடித்து உடனே கொடுக்க வேண்டும். முக்கியமான விதி: முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். சீழ் செல்கள் நிறைய இருந்தும் கிருமி வளரவில்லை, தொந்தரவும் தீரவில்லை என்றால், இந்தியாவில் சிறுநீரகக் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிவப்புக் கோடு

பலரும் செல்வது லேபுக்கு அல்ல, மருந்துக்கடைக்கு. 'எரிச்சலுக்கு ஏதாவது கொடுங்கள்' என்றால் ஒரு சிரப் பாட்டிலும் நாலு மாத்திரையும் கிடைக்கின்றன. சிரப் சிறுநீரின் அமிலத் தன்மையைக் குறைத்து எரிச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. மாத்திரை இரண்டாம் நாள் நிவாரணம் தரும். மிச்சம் அலமாரிக்குப் போகும். பிழைத்த கிருமி பாடம் கற்றுக்கொள்ளும்.

இப்படித்தான் ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின், இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சோதிக்கப்படும் ஈ. கோலையில் பெரும்பகுதியிடம் தோற்றுப்போய்விட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மாத்திரை அட்டைகளில் சிவப்புக் கோடு இருப்பதை 2016-இல் மத்திய அரசு விளம்பரப்படுத்தியதும் இதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையும் ஆபத்தே. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்றாக வேலை செய்யும் நைட்ரோஃபுரன்டாயின், சிறுநீரகத் திசுக்களில் போதிய அளவு சேராது. காய்ச்சலோடு இருப்பவர் அதை நம்பினால் பொழுதுதான் வீணாகும்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது வருடத்தில் மூன்று முறை வந்தால் மறுபடி மறுபடி மாத்திரை என்பது பதில் ஆகாது. காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதற்கென்றே தனிச் சிகிச்சை உண்டு.

தடுப்பு முறை செலவு இல்லாதது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி தொற்றுக்கு ஆளான பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும், மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும் நல்ல பழக்கங்கள்.

ஆனால் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லும் டாக்டரிடம், 'போக இடம் எங்கே?' என்று ஒரு கடை ஊழியர் திருப்பிக் கேட்டால் மருந்துச் சீட்டில் பதில் இல்லை. அதைக் கடை முதலாளியும் நகராட்சியும்தான் எழுதித் தர வேண்டும்.