வெள்ளம் வடிந்தது, கடன் வடிந்ததா?

வெள்ளம் வடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். வீதியிலே படகு ஓடும்போது பரிதாபப்படுகிறார்கள். வீதி உலர்ந்ததும் அந்தப் பரிதாபமும் உலர்ந்துவிடுகிறது. சோறு போட்டாயிற்று, போர்வை கொடுத்தாயிற்று, புகைப்படமும் எடுத்தாயிற்று. இன்னும் என்ன வேண்டுமாம் இவர்களுக்கு என்று முகம் சுளிக்கிறார்கள். "ஆபத்து நேரத்தில் உதவுவது அரசின் கடமை, ஒப்புக்கொள்கிறோம். ஆண்டுக்கணக்கில் உதவிக்கொண்டே இருந்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், கஜானாவும் காலியாகிவிடும்." இதுதான் அவர்கள் வாதம். டில்லியில் பேசுகிறார்கள், பட்டணத்தில் பேசுகிறார்கள், நமது இராயக்கோட்டை மண்டிப் பக்கத்திலேகூடப் பேசுகிறார்கள். பேசட்டும். பேசித் தீர்க்கவேண்டிய பிரச்னைதான் இது. நாமும் பேசுவோம், கணக்கோடு பேசுவோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு, புதுவை அருகே கரை கடந்தது பெஞ்சல் புயல். கடற்கரைக்கும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் என்ன உறவு? ஆனாலும் வந்தது மழை. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் கொட்டியது 503 மில்லி மீட்டர்! வறட்சி மாவட்டம் என்று பெயர் வாங்கிய மண்ணிலே, ஒரே நாளில் அரை மீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் காகிதக் கப்பல்போல அடித்துச் செல்லப்பட்டன. அதே நாளில் தென்பெண்ணையிலே சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி, ஏழு உயிர்களைக் குடித்தது. அவர்களில் ஐவர் குழந்தைகள்.

தலைவிதி என்பார்கள் சிலர். மழை பெய்வது இயற்கை. மழை நின்ற பிறகு ஒரு குடும்பம் எழுவதும் விழுந்தே கிடப்பதும் இயற்கை அல்ல, விதியும் அல்ல. அது சட்டத்தின் வேலை, சர்க்காரின் வேலை. ஆகவேதான் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறோம்.

நிவாரணத்துக்கு டில்லி வகுத்த விதிமுறை ஒன்று உண்டு, 2022 முதல் 2026 வரைக்கு என்று வகுத்தது. பாசனப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அழிந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 6,900. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500. ஏக்கருக்கு ஏறத்தாழ 3,400. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரையில்தான். கறவை மாடு செத்தால் 37,500. சமவெளியிலே வீடு முழுவதும் இடிந்தால் 1,20,000.

இராயக்கோட்டைத் தக்காளிக் குடியானவரைக் கேளுங்கள், இந்தத் தொகை எந்த மூலைக்குக் காணும் என்று. நாற்று வாங்கவேண்டும், பாத்திக்கு மல்ச்சிங் தாள் விரிக்கவேண்டும், சொட்டுநீர்க் குழாய் போடவேண்டும், குச்சி நட வேண்டும், கயிறு கட்டவேண்டும், மருந்தடிக்க வேண்டும், பறிப்புக் கூலி தரவேண்டும், மண்டிக்கு வண்டி வாடகை கொடுக்கவேண்டும். இத்தனையும் போட்டபிறகு விலை கிடைத்தால் உண்டு; கிடைக்காவிட்டால் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகவேண்டும். இப்படிப்பட்ட வெள்ளாமை ஓர் இரவில் சேற்றோடு போனால், ஏக்கருக்கு 6,900 ரூபாய்! அது இழப்பீடு அல்ல, ஆறுதல் கடிதம். 1,20,000 ரூபாயில் வீடு கட்டிக் காட்டட்டும் விதிமுறை எழுதியவர்கள். அந்த வீட்டிலே அவர்களே குடியிருக்கட்டும், அதற்குமேல் வாதாட மாட்டோம் நாம்.

நிலம் உள்ளவர் கதை இது. பிறர் கொல்லையை வாரத்துக்கு உழுதவர் கதை என்ன? பட்டாவிலே பெயர் வேறு, பாடுபட்டவர் வேறு. பணம் பெயரைத் தேடித்தான் போகிறது. கூலிக்காரி கதை என்ன? வெள்ளத்துக்குப் பிறகு களையெடுப்பு இல்லை, பறிப்பு இல்லை, சுமை இல்லை. பயிர் செத்ததைக் கணக்கெடுக்க அலுவலர் வருகிறார். வேலை செத்ததைக் கணக்கெடுக்க யார் வருகிறார்?

வேலை செத்தாலும் கடன் சாகிறதா? இல்லையே! கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், நகைக்கடன், பெண்கள் வாங்கிய குழுக்கடன். வெள்ளம் வந்த வாரத்திலும் வாரத் தவணைக்குக் கிழமை மாறுவதில்லை. வெள்ளத்திலே ஒரு குடும்பம் இழப்பது ஒரு நாள் உடைமை. அதை ஈடுசெய்ய வாங்கும் புதுக் கடன் தின்பதோ ஐந்தாண்டு உழைப்பு. நிவாரணம் ஒரு நாளுக்கு, நெருக்கடி ஐந்தாண்டுக்கு! இந்தப் பொருத்தமின்மைதான் நாம் சுட்டிக்காட்டுவது.

ஐந்தாண்டு என்பது நமது கற்பனையல்ல. ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. இயற்கைச் சீற்றக் காலத்தில் வங்கிகள் செய்யவேண்டியதை 2018ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டபோது, பாதிக்குமேல் பயிர் அழிந்தால் கடனைத் திருப்ப ஐந்தாண்டு வரை தவணை தரலாம் என்றது. எழுந்து நிற்க ஐந்தாண்டு ஆகும் என்று வங்கிக்குத் தெரிகிறது. அரசுக்குத் தெரியவேண்டாமா?

தெரிந்துதான் இருந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலே 13ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. இருந்தது என்று எழுதுகிறோம், கவனியுங்கள். கடும் பேரிடரில் சிக்கியவர்களுக்குக் கடனைத் திருப்புவதில் சலுகை தரவும், எளிய நிபந்தனையில் புதுக் கடன் தரவும் தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்று கூறியது அந்தப் பிரிவு. சட்டம் முழுவதிலும் பாதிக்கப்பட்டவனின் அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலைப்பட்ட சில வரிகளில் அதுவும் ஒன்று.

என்ன ஆயிற்று அது? 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டிலே மலை சரிந்தது; முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 1ஆம் நாள், சட்டத்திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. டிசம்பர் 12ஆம் நாள், ஊத்தங்கரையிலே வெள்ளம் வந்து பத்து நாள் ஆன நிலையில், மக்களவையிலே அது நிறைவேறியது. 2025 மார்ச் 25ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. திருத்தம் சட்டமானபோது 13ஆவது பிரிவு இல்லை! வயநாட்டு மக்களின் கடனைத் தள்ளுபடி செய்யக்கூடாதா என்று கேரள உயர்நீதிமன்றம் கேட்டது. அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது என்றது டில்லி. எவ்வளவு எளிமையான பதில்! பசிக்கிறது என்றவனிடம், பானையை உடைத்துவிட்டோம் என்றார்களாம். அதோடு, வயநாட்டின் மறுவாழ்வுக்கென டில்லி ஒதுக்கிய 529 கோடியே 50 லட்சம் ரூபாயும் உதவியாக அல்ல, கடனாக! வட்டியில்லாக் கடன் என்றார்கள், 50 ஆண்டுத் தவணை என்றார்கள். வட்டி இல்லைதான், ஆனால் வீடிழந்த மாநிலத்தின் தலையிலே கடன் உண்டு.

இனி, சோம்பேறி வாதத்துக்கு வருவோம். புதிய வாதமல்ல இது. 150 ஆண்டு பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்றது பெரும்பஞ்சம். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. தாராளமாக உதவினால் கஜானா தாங்காது, மக்கள் கெட்டுப்போவார்கள் என்று கருதியது வெள்ளை சர்க்கார். சர் ரிச்சர்டு டெம்பிள் வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், வேலை செய்கிற உடலுக்கு இது போதாது என்று மறுத்து எழுதினார். கடைசியில் வாதத்தைத் தீர்த்துவைத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1871இல் இருந்ததைவிட 1881இல் சேலம் மாவட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்திருந்தனர். சோம்பேறிகளாகாமல் காப்பாற்றப்பட்டவர்களிலே எத்தனை பேர் உயிரோடு இல்லை என்று காட்டியது அந்தக் கணக்கு.

உதவினால் கெடுவார்கள் என்ற நீதி எல்லோருக்கும் பொருந்துகிறதா? உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்று 14 துறைகளுக்கு 1 லட்சத்து 97 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது டில்லி. ஒரு நாள் உதவியா அது? ஆண்டுக்கணக்கில் தரும் உதவி. கைபேசியும் வாகனமும் அந்தத் துறைகளில் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எழுந்துள்ள ஆலைகளிலே நம் மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஆலைகள் வருவதை வரவேற்கிறவர்கள் நாம். வளரும் தொழிலுக்குப் பல ஆண்டுத் துணை தேவை என்ற தத்துவத்தையும் ஏற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: ஆலைக்குத் தரும் பணம் ஊக்கம், குடியானவனுக்குத் தரும் பணம் சோம்பலா? வணிக வங்கிகள் 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கின. தள்ளுபடி அல்ல, கணக்கில் நீக்கம்தான், வசூல் தொடரும் என்று விளக்கம் சொன்னார்கள். சரி, அந்த நாசூக்கான வார்த்தையையாவது ஊத்தங்கரைக்குச் சொல்லக்கூடாதா?

பேரிடர் விஷயத்திலேயே முன்னுதாரணம் இல்லையா? உண்டு. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் பகுதியைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. மறுவாழ்வுக்கெனத் தனி ஆணையம் அமைந்தது. வீட்டுக்காரர்களே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளத் தவணை தவணையாகப் பணம் தரப்பட்டது. அங்கே புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்கு ஐந்தாண்டுக்குக் கலால் வரி விலக்கும் தந்தது டில்லி. கட்ச் எழுந்து நின்றது. பொறாமையால் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடு சொல்கிறோம். நீண்டகால உதவி மக்களைக் கெடுக்காது, நிமிர்த்தும் என்பதற்குக் கட்ச்தான் சாட்சி. அங்கே தகுந்த மருந்து இங்கே மட்டும் எப்படி நஞ்சாகும்?

பணமில்லை என்பது அடுத்த வாதம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், தொடர்ந்து தென்மாவட்ட வெள்ளமும் வந்தன. தமிழ்நாடு கேட்டது 37,000 கோடிக்குமேல். உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகு, 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து வந்தது 276 கோடி. பெஞ்சலுக்குக் கேட்டது 6,675 கோடி. 2025 ஏப்ரலில் ஒப்புதலானது 522 கோடியே 34 லட்சம். நடுவிலே, 2025 பிப்ரவரியில், ஐந்து மாநிலங்களுக்கு 1,554 கோடிக்குமேல் ஒப்புதலானது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. 2024 டிசம்பரிலேயே 944 கோடியே 80 லட்சம் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தீர்கள்; மாநிலப் பேரிடர் நிதிக்கு நிதிக்குழு வகுத்த பங்கு அது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் வரவேண்டிய பணம். சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தானம் செய்தோம் என்று தம்பட்டம் அடிப்பதுண்டா?

15ஆவது நிதிக்குழுவே 2021-26க்கான பேரிடர் நிதியில் 30 விழுக்காட்டை மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் என்று பிரித்துக் காட்டியது. ஆக, நீண்டகால உதவி என்ற எண்ணம் ஏட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவிலே புயல் அடித்தது. ரயிலையும் ஊரையும் கடல் கொண்டது. பாம்பன் பாலமும் சிதைந்தது. பாலத்தை 46 நாளில் சீராக்கினார்கள். பாராட்டத்தக்க சாதனை! ஊர்? அறுபது ஆண்டு கடந்துவிட்டது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் சுற்றுலாக்காட்சி. அங்கே மீன்பிடிக்கும் குடும்பங்களுக்குக் குடிசைதான் வாழ்வு. இரும்பை நிமிர்த்த ஆர்வம் இருந்தது, மனிதரை நிமிர்த்தத்தான் திட்டம் இல்லை.

ஆகவே கேட்கிறோம், பிச்சையாக அல்ல, உரிமையாக. நீக்கிய 13ஆவது பிரிவு திரும்ப வேண்டும். "பரிந்துரைக்கலாம்" என்ற வழுக்கல் சொல்லோடு அல்ல, "தரவேண்டும்" என்ற உறுதியோடு. உதவி முடியும் நாளைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தின் அடுப்பும் வருமானமும் பழைய நிலைக்கு வந்ததா என்பதே தீர்மானிக்க வேண்டும்.

டில்லியை மட்டும் கேட்டு ஓய்ந்துவிடுவோர் அல்ல நாம். சென்னைக் கோட்டையில் எவர் அமர்ந்தாலும் அவருக்கும் சொல்கிறோம். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும். ஆண்டுதோறும் அதைத் திறந்து பார்க்கும் அலுவலர் வேண்டும். வாரக் குடியும் கூலிக்காரியும் அதிலே இடம்பெற வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலைக் கிராமசபையிலே வாசிக்க வேண்டும். போலிப் பெயர் நுழைந்தால் ஊரே கண்டுபிடிக்கும், விடுபட்ட பெயரையும் ஊரே சொல்லும். மோசடி நடக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பூட்டு எது? இவற்றுக்கு டில்லியின் அனுமதி தேவையில்லை, மனம்தான் தேவை.

1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே, பிட்டி தியாகராயர் காலத்தில், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாடு இது. சோறு தின்ற பிள்ளைகள் சோம்பேறிகளாகவில்லை; படித்தார்கள், பதவிக்கு வந்தார்கள், பிறருக்குச் சோறு போட்டார்கள். கைதூக்கி விடப்பட்டவன் கைகட்டி உட்காருவதில்லை என்று கண்ட மக்கள் நாம்.

அடுத்த புயல் வரும். எந்த மாவட்டத்துக்கு என்று எவரும் சொல்ல முடியாது. கடலே காணாத ஊத்தங்கரைக்கு வந்தது, நாளை இராயக்கோட்டைக்கும் வரலாம். அன்று படகு வரும், பொட்டலம் வரும், பிரமுகர்கள் வருவார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு வரும் அந்த ஐந்தாண்டுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், தோழர்களே. பதில் சொல்லாதவரை விடாதீர்கள்!