உங்களுக்குத் தெரியுமா? முதல் தமிழ்க் குருமார்

● திருநெல்வேலிச் சீமைக்கு வந்த முதல் தமிழ்ச் சீர்திருத்தக் குரு சத்தியநாதன். பாளையங்கோட்டையில் உபதேசியாராக ஊழியம் செய்துவந்த அவருக்கு 1790-இல் தஞ்சாவூரில் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்கப்பட்டது.

● அவருக்கும் முன்னோடி, கடலூர்க்காரரான ஆரோன். ஆறுமுகம் என்பது இயற்பெயர். 1718-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றார், உபதேசியாராக உழைத்தார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருவானார். இந்தியரில் முதல் சீர்திருத்தக் குரு அவரே!

● குருப்பட்ட ஆராதனையில் ஊழியர் முழந்தாளிடுவார். பேராயரும் மற்ற குருமாரும் அவர் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள். பிரசங்கம் செய்யவும், ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழங்கவும் அன்றே அதிகாரம் கிடைக்கும்.

● தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. ஆனால், அதன் முதல் தமிழ்ப் பேராயராக ராஜா பி. மாணிக்கம் பொறுப்பேற்றது 1956-இல்தான்.

● தரங்கம்பாடிக்குச் சென்றால், 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தை அவசியம் பாருங்கள். சீகன்பால்குவின் கல்லறை அதனுள்தான் இருக்கிறது.