எண் இல்லாத துப்பாக்கிகள்: சட்டம் சொல்வது என்ன? ஏலப்பாறை மலைப்பகுதியில் சிக்கல் எங்கே?

ஏலப்பாறை: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் மூலமற்றத்தில் 2022 மார்ச் 26-ஆம் தேதி இரவு, உணவுக் கடை ஒன்றில் எழுந்த வாக்குவாதம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தகராறில் ஈடுபட்டவர் வீட்டிற்குச் சென்று துப்பாக்கியுடன் திரும்பி வந்து சுட்டதாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. தனியார் பேருந்து ஊழியரான இளைஞர் ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் படுகாயமடைந்தார். பயன்படுத்தப்பட்டது உள்ளூரில் செய்யப்பட்ட, உரிமம் இல்லாத துப்பாக்கி என்பது விசாரணையில் தெரியவந்தது.

ஏலப்பாறையிலிருந்து வடமேற்கே மலையிறங்கினால் மூலமற்றம். குட்டிக்கானத்தையும் கட்டப்பனையையும் இணைக்கும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள ஏலப்பாறையில் தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வசித்து வருகின்றன. தேயிலை, ஏலத் தோட்டங்களை ஒட்டிக் காடு தொடங்கும் இந்த மலை மாவட்டத்தில் 'நாடன் தோக்கு' என்று மலையாளத்திலும், 'நாட்டுத் துப்பாக்கி' என்று தமிழிலும் அழைக்கப்படும் ஆயுதம் புதிதல்ல. மூலமற்றம் சம்பவம் நடந்த அதே ஆண்டில், இடுக்கி மாவட்ட வனப்பகுதியில் வேட்டைக்குச் சென்ற குழுவில் இருந்த பழங்குடி இளைஞர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். அவரது உடலை உடன் சென்றவர்களே காட்டில் புதைத்தது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது.

அமெரிக்காவில் 'கோஸ்ட் கன்' எனப்படும் தடம் காண இயலாத துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தப் பல மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. இந்தியாவில் இதற்கான சட்டம் என்ன, மாநில அரசுக்கு இதில் எவ்வளவு அதிகாரம் உள்ளது என்பதைப் பார்க்கலாம்.

தடம் காண இயலாதது, கண்டறிய இயலாதது: வேறுபாடு என்ன?

இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். தயாரிப்பாளர் பெயரோ வரிசை எண்ணோ இல்லாத துப்பாக்கி, தடம் காண இயலாதது. அது கையில் கிடைத்தாலும் யார் செய்தார், யார் விற்றார், யார் வைத்திருந்தார் என்று பின்னோக்கிச் செல்ல வழியில்லை. பிளாஸ்டிக் போன்ற பொருள்களால் செய்யப்பட்டு, மெட்டல் டிடெக்டர் சோதனையில் சிக்காமல் போகக்கூடியது, கண்டறிய இயலாதது.

இரண்டாவது வகை குறித்த அச்சம் 2013-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யக்கூடிய 'லிபரேட்டர்' என்ற கைத்துப்பாக்கியின் வடிவமைப்பு அப்போது இணையத்தில் வெளியானது. எனினும் அமெரிக்கா 1988-ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் கூட்டாட்சிச் சட்டம் இயற்றியிருந்தது. சுமார் 105 கிராம் எஃகு அளவுக்காவது மெட்டல் டிடெக்டரில் தென்படாத துப்பாக்கியைத் தயாரிக்கவோ வைத்திருக்கவோ அச்சட்டம் தடை விதிக்கிறது.

இடுக்கி மலைகளில் உள்ள சிக்கல் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. நாட்டுத் துப்பாக்கி இரும்புக் குழலால் ஆனது. மெட்டல் டிடெக்டரில் சிக்கக்கூடியதே. ஆனால் காட்டுப் பாதையில் அத்தகைய சோதனைக்கு இடமில்லை. பிடிபட்ட பின்னரும் அதன் பூர்வீகத்தைச் சொல்ல அதில் எந்த எழுத்தும் இல்லை.

எண் ஏன் முக்கியம்?

தொழிற்சாலையில் தயாராகும் துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறிக்கப்படுகின்றன. விற்பனையாளரின் பதிவேட்டிலும் வாங்குபவரின் உரிமத்திலும் அதே எண் இடம்பெறுகிறது. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் வழங்கப்பட்டுள்ளது. எனவே ஒரு துப்பாக்கி குற்றத்தில் பயன்பட்டால், விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கு எண் விடை சொல்லும்.

எண் இல்லாதபோது தடயவியல் ஆய்வே துணை. நவீனத் துப்பாக்கியின் குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். அவை குண்டின் மீது பதிக்கும் கீறல்களைக் கொண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து அது வெளியேறியது என்று நிபுணர்கள் ஒப்பிடுவர். சுட்ட இடத்தில் விழும் காலித் தோட்டாவும் சான்றாகும். குழலின் வாய் வழியே கரிமருந்தும் ஈயக் குண்டுகளும் இட்டுச் சுடப்படும் பழைய வகை நாட்டுத் துப்பாக்கியில் திருகு வரிகள் இல்லை. காலித் தோட்டா விழுவதும் இல்லை. சிதறிப் பாயும் பால்ரஸ் குண்டுகளைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியை உறுதிப்படுத்துவது மிகக் கடினம். பதிவேட்டிலும் தடயவியலிலும் ஒருசேர அகப்படாத ஆயுதம் என்பதே இதன் ஆபத்து.

மாநில அரசு தனிச் சட்டம் இயற்ற முடியுமா?

இந்தியாவில் முடியாது. ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிபொருள்கள் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 5-ஆவது பதிவில் இடம்பெற்றுள்ளன. ஆகவே சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. உரிமம் வழங்குதல், சோதனை, வழக்கு, கைது ஆகிய நடைமுறைப் பொறுப்புகள் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்திடமும் மாநிலக் காவல்துறையிடமும் உள்ளன.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதங்களை அகற்றும் நோக்கம் கொண்டதாகக் கண்டிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதன் இடத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம். அதன் முக்கியப் பிரிவுகள் வருமாறு:

பிரிவு 3: உரிமம் இன்றித் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது.

பிரிவு 5: உரிமம் இன்றித் துப்பாக்கி தயாரிக்கவோ விற்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. பட்டறையில் குழல் பொருத்தித் தருபவரும் இதன் வரம்புக்குள் வருவார்.

பிரிவு 6: உரிமம் இன்றித் துப்பாக்கிக் குழலை வெட்டிக் குறுக்கவோ, போலித் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக மாற்றவோ கூடாது.

பிரிவு 8: துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிக்கவோ மாற்றவோ கூடாது, குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. குறி இல்லாத துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே அதை அழித்தார் என்று நீதிமன்றம் கொள்ளும்.

அமெரிக்க மாநிலங்கள் இன்று தனியே இயற்றும் சட்டங்களின் சாரம், இந்த 8-ஆவது பிரிவில் 1959-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது குறிப்பிடத்தக்கது.

2019 திருத்தம் கொண்டுவந்த மாற்றங்கள்

நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் இச்சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உரிமம் இன்றித் துப்பாக்கி தயாரித்தல், விற்றல் ஆகியவற்றுக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை இருந்தது. இப்போது குறைந்தது 7 ஆண்டுகள். அதிகபட்சம் ஆயுள் தண்டனை. உரிமம் இன்றி வைத்திருப்பதற்கான தண்டனை 2 முதல் 5 ஆண்டுகளாக உயர்ந்தது. சட்டப்படியான அடையாளக் குறி இல்லாத துப்பாக்கிகளைக் கைமாற்றுவதும் கடத்துவதும் 'சட்டவிரோதக் கடத்தல்' என வரையறுக்கப்பட்டு, 10 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

காட்டை ஒட்டி வாழ்வோருக்கு இன்னொரு சட்டமும் பொருந்தும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி, சரணாலயத்துக்குள்ளும் அதன் 10 கிலோமீட்டர் சுற்றளவிலும் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அப்பகுதியில் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவின்றிப் புதிய உரிமம் வழங்க இயலாது. பெரியார், இடுக்கி உள்ளிட்ட சரணாலயங்கள் அமைந்த இம்மாவட்டத்தில் இந்த விதி பலரைத் தொடுகிறது.

விவசாயியின் நிலை

துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரும் வேட்டைக்காரர்கள் அல்லர். காட்டுப்பன்றிகள் ஓரிரவில் கிழங்கையும் வாழையையும் கிளறிவிட்டுச் செல்லும் இடங்களில், பயிர்க்காவல் என்பது வாழ்வாதாரம் சார்ந்த கேள்வி. சட்டமும் இதை ஏற்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கோர ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு வழங்கியது. ஆனால் சுடுபவர் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும்.

நடைமுறையில் உரிமம் பெறுவது காவல்துறை, வருவாய்த்துறை, வனத்துறை அறிக்கைகளைக் கடந்து செல்லும் நீண்ட பாதை. உரிமம் பெற்றவர் அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். எண் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்த அழைப்புகள் எதுவும் வருவதில்லை. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சட்டத்தைப் பின்பற்றுபவரின் மீது சுமை கூடும்போது, பின்பற்றாதவரைக் கண்டுபிடிக்கும் முயற்சியும் கூடவில்லை என்றால் சட்டம் ஒருபக்கமாகவே இயங்கும்.

இந்தியாவில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களால் நிகழ்கின்றன. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2023 பிப்ரவரியில் இதைக் கவலையளிக்கும் போக்கு எனச் சுட்டிக்காட்டித் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. 2024 நவம்பரில், தலைமைச் செயலர், உள்துறைச் செயலர், காவல்துறைத் தலைவர் உள்ளிட்டோர் அடங்கிய குழுவை மாநிலந்தோறும் அமைத்துச் செயல்திட்டம் வகுக்க உத்தரவிட்டது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கும் அதிகாரம் உண்டு. பாகங்களை அஞ்சலில் வாங்கி வீட்டில் பொருத்தும் எண்ணற்ற துப்பாக்கிகளுக்கு எதிராக 2018-இல் நியூஜெர்சியும், 2019-இல் வாஷிங்டன் மாநிலமும் சட்டம் கொண்டுவந்தன. அத்தகைய பாகத் தொகுப்புகளிலும் எண் பொறிக்க வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என 2022-இல் கூட்டாட்சி அரசு விதி வகுத்தது. அந்த விதியை 2025 மார்ச் 26-ஆம் தேதி 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அங்கு விதியைத் தேடி நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. இங்கு விதி முன்பே உள்ளது. அதைப் பட்டறைக்கும் காட்டோரத்துக்கும் கொண்டு செல்வதே எஞ்சியுள்ள பணி.

பொதுமக்கள் செய்ய வேண்டியது என்ன?

தந்தையோ பாட்டனோ விட்டுச்சென்ற துப்பாக்கி வீட்டில் இருந்தால், அதைப் பரணில் வைத்திருப்பதும் உரிமம் இன்றி வைத்திருப்பதாகவே கருதப்படும். உரிமதாரர் இறந்தாலோ உரிமம் காலாவதியானாலோ, துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமும் ஒப்படைக்கலாம். சட்டபூர்வ வாரிசு அதன்பின் தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் தருமபுரி போன்ற மாவட்டங்களின் மலைக் கிராமங்களில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என அவ்வப்போது அதிகாரிகள் அறிவித்துள்ளனர். அதையடுத்து ஊர்ப் பொது இடங்களில் துப்பாக்கிகளைச் சிலர் வைத்துவிட்டுச் சென்றதும் உண்டு. அந்தத் துப்பாக்கிகளின் உரிமையாளர் யார் என்பது இன்றுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அவை இனி எந்த வாக்குவாதத்தின் நடுவிலும் வீட்டிலிருந்து எடுத்துவரப்படப் போவதில்லை.