வீட்டு விளக்கும் மின்சாரச் சிக்கனமும்

மின்சாரக் கட்டணச் சீட்டு வந்து சேரும் நாளில் நம்மவர் இல்லங்களில் நடைபெறும் உரையாடலை வாசகர்கள் நன்கு அறிவார்கள். “இந்த மாதம் ஏன் இவ்வளவு?” என்ற கேள்வி கூடத்திலிருந்து எழும்பும். “நானா மின்சாரத்தைத் தின்கிறேன்?” என்ற விடை சமையலறையிலிருந்து வரும். சிறிது நேரம் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டிருக்கும். மறுநாள் பழைய கதைதான்.

ஊரில் இக்கவலை இவ்வளவு இல்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒரு முறையே கணக்கெடுக்கிறார்கள். அதிலும் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. மும்பையிலோ மாதந்தோறும் சீட்டு வருகிறது. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, அதற்கு மேல் 300 வரை வேறு விலை, அப்பால் இன்னும் உயர்ந்த விலை என்று படிக்கட்டுப் போல் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. நாம் மிச்சப்படுத்தும் யூனிட்டுகள் உச்சிப் படியிலிருந்தே கழிகின்றன. ஆகவே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அதிக விலையுள்ள யூனிட்டே ஆகும்.

இந்நகரத்து வீடுகளின் அமைப்பும் ஒரு காரணம். மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும், செம்பூர், டோம்பிவிலி போன்ற இடங்களில் தோளோடு தோள் உரச எழுந்து நிற்கும் கட்டடங்களின் கீழ்த் தளங்களிலும், பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கின்றி அரிசியில் கல் பொறுக்க இயலாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நாம் குடியிருக்கும் தரைத் தள வீட்டின் சமையலறையில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்குக் குறையாமல் விளக்கு எரிகிறது. விளக்கை அணைத்துச் சிக்கனம் செய் என்று அத்தகைய வீட்டாரிடம் உபதேசிப்பது வீண். விளக்கை மாற்றுவது ஒன்றே வழி.

நம் பெற்றோர் காலத்துக் குண்டு பல்பை விளக்கு என்று சொல்வதைவிட அடுப்பு என்று சொல்வதே பொருந்தும். அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே வீணாகிறது. அடுத்து வந்த சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்குகள் சிக்கனமானவையே, ஆனால் அவற்றினுள் சிறிதளவு பாதரசம் உண்டு. இப்போது கடைகளில் நிறைந்திருக்கும் எல்.இ.டி. விளக்கில் பழுக்கக் காய்ந்து ஒளிரும் இழையும் இல்லை, பாதரசமும் இல்லை. கடுகளவு படிகத்தில் மின்சாரம் பாயும்போதே ஒளி பிறக்கிறது. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் செய்து காட்டினார். நீல ஒளி கைவராமல் விஞ்ஞானிகள் முப்பது ஆண்டுகள் திண்டாடினார்கள். அதைச் சாதித்தவர்கள் அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற ஜப்பானில் பிறந்த மூவர். 2014ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நீல ஒளியை மஞ்சள் நிறம் தரும் ஒருவகைப் பொடியின் வழியே செலுத்தினால் நம் கண்ணுக்கு வெள்ளை ஒளியாகத் தெரிகிறது. நம் வீட்டு விளக்கின் இரகசியம் இவ்வளவே.

விலையைப் பற்றிய அச்சமும் இப்போது நீங்கிவிட்டது. 2014இன் தொடக்கத்தில் அரசு சுமார் 310 ரூபாய் கொடுத்து மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பு, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கிற்று. 2015 ஜனவரி 5ஆம் தேதி தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் நாடெங்கும் வீடுகளைச் சென்றடைந்துள்ளன. இதற்கு முன்னோடியாக 2014இல் வீட்டு விளக்குகளை மாற்றும் பணி புதுச்சேரியில் நடைபெற்றது என்பது நமக்குச் சிறிது பெருமையளிக்கும் செய்தி.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் முதலில் செய்தது பிழையே. ஆறு எல்.இ.டி. பல்புகளை ஒரே நாளில் வாங்கி, குளியலறை, கழிவறை, பரண், வாசற்படி என்று குண்டு பல்பு இருந்த இடங்களிலெல்லாம் மாட்டினோம். அடுத்த மாதச் சீட்டில் ஏறக்குறைய அதே தொகை! ஏமாற்றம் தாங்காமல் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குளியலறையில் 60 வாட் பல்பு நாளொன்றுக்கு இருபது நிமிடம் எரிந்தால், மாதத்திற்கு ஆவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். அதாவது 6 ரூபாய். அதை மாற்றி என்ன கண்டோம்? அதே 60 வாட் பல்பு பத்து மணி நேரம் எரியும் இடத்தில் மாதம் 18 யூனிட் ஆகிறது. அங்கே 9 வாட் எல்.இ.டி.யை மாட்டினால் 2.7 யூனிட், மாதம் 153 ரூபாய் மிச்சம். எது நெடுநேரம் எரிகிறதோ அதையே முதலில் மாற்ற வேண்டும் என்ற எளிய உண்மை நமக்கு அப்போதுதான் புலப்பட்டது.

சமையலறையில் இருந்ததோ டியூப் லைட். “அது சிக்கனமான விளக்குத்தானே” என்று அதைத் தொடாமல் விட்டிருந்தோம். டியூபின் மேல் 36 வாட் என்று அச்சிட்டிருப்பது மெய். ஆனால் பழைய பட்டியில் உள்ள கனத்த சோக்கு தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட்டை விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐம்பது வாட் ஆகிறது. அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டியை மாட்டிய பிறகே கட்டணம் சரியத் தொடங்கிற்று. இவ்வேலையை மட்டும் மின்சாரத் தொழிலாளியிடம் விடுவதே உசிதம். பழைய சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்ற வேண்டியிருக்கும்.

பெரிய வியப்பு நம் பூஜை அறையில் காத்திருந்தது. சுவாமி படத்தின் முன் இரவு பகலாக எரியும் சிறிய சிவப்பு விளக்கை நாம் எல்லோரும் ‘ஜீரோ வாட்’ பல்பு என்றே அழைக்கிறோம். பெயர்தான் ஜீரோ! உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. 15 வாட் என்றால், ஓய்வின்றி எரிவதால் மாதம் 10.8 யூனிட், 108 ரூபாய். கூடத்தில் பத்து மணி நேரம் எரியும் 9 வாட் விளக்கைப் போல நான்கு மடங்கு. அரை வாட் எல்.இ.டி. சிவப்பு விளக்கு அதே வேலையை மாதம் 4 ரூபாய்க்குச் செய்கிறது. பூஜை அறை விளக்கைக் கணக்குப் பார்ப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பகவான் எண்ணெய் விளக்கைத்தான் கேட்டார். ஜீரோ வாட் நாமாகக் கொண்டுவந்தது என்பது நம் அபிப்பிராயம்.

இக்கணக்கைக் கண்ட உற்சாகத்தில் நாம் இரண்டாவது பிழையைச் செய்தோம். அதைச் சொல்லச் சிறிது தயக்கமாகவே இருக்கிறது. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள நடையில் இரவு முழுதும் 40 வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு அங்கும் ஓர் அரை வாட் விளக்கை மாட்டினோம். நம் கண்ணுக்கு அது போதுமானதாகவே இருந்தது. அந்த மாதம் நம் தாயார் மயிலாடுதுறையிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள், வயது எழுபத்திரண்டு. ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் உள்ள நான்கு அங்குலத் திட்டு தெரியாமல் தடுக்கி விழுந்தார்கள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, “வெளிச்சம் போதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?” என்று கேட்டோம். “நீதான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாயே அப்பா” என்றார்கள். அதற்கு மேல் நாம் ஒன்றும் பேசவில்லை.

அறுபது வயதைக் கடந்தவரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, இருபது வயதினருக்குச் சென்றடைவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதைப் பிற்பாடுதான் படித்தோம். கண்மணி சுருங்கிவிடுகிறது, விழிவில்லை மஞ்சளித்துப் போகிறது. ஆதலால் விளக்கு போதுமா என்று தீர்மானிக்க வேண்டிய கண் வீட்டில் மூத்தவருடைய கண்ணே. இப்போது அந்த நடையில் 5 வாட் எல்.இ.டி. இரவு பத்து மணி நேரம் எரிகிறது. மாதம் ஒன்றரை யூனிட், பதினைந்து ரூபாய்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்ப்பது பழைய பழக்கம். வாட் என்பது செலவின் அளவு; வெளிச்சத்தின் அளவு லூமன். அது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தந்தது. அதற்குக் குறையாமல் வாங்கினால் வீடு இருண்டுவிட்டதென்ற குறை வராது. ஒளியின் நிறத்தையும் கெல்வின் என்ற அளவால் குறித்திருப்பார்கள். 2700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள் ஒளி; 6500 என்றால் நீலம் கலந்த தூய வெள்ளை. சமையலறைக்கு வெள்ளை நன்று. படுக்கையறையில் அது கண்ணைக் கூசச் செய்கிறது என்பது நம் அனுபவம். நட்சத்திரச் சின்னமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து வாங்குதல் அவசியம். நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரற்ற பல்புகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கும். கைப்பேசியின் காமிராவை அருகே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் காணலாம்.

எல்.இ.டி.க்குப் பகை வெப்பம். நாற்புறமும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டினால் அதன் கழுத்திலுள்ள மின்னணுப் பகுதி வெந்து, படிகம் நன்றாக இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். நம் கூடத்துக் குடுவையில் ஒன்று ஏழே மாதத்தில் உயிரை விட்டது. கடைச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருந்ததால் மாற்றித் தந்தார்கள்.

வீட்டில் இன்னும் சி.எஃப்.எல். எரிந்துகொண்டிருந்தால் அவசரப்பட்டு எறிய வேண்டுவதில்லை. அதன் ஆயுள் வரை எரியட்டும். கை தவறி உடைந்துவிட்டால் மட்டும் குழந்தைகளை அப்புறப்படுத்தி, சன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், தடித்த அட்டையால் துண்டுகளை ஒதுக்கி, ஒட்டும் நாடாவால் பொடியை எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துவிடுவது முறை.

“பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் வீட்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்று சங்கத்தில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு பெரும்பாலும் ஒரே வகைப் பித்தளை முனை ஹோல்டர்தானே இருக்கிறது! கழற்றிய பழைய பல்புகளைச் செருப்புப் பெட்டி ஒன்றில் பஞ்சு சுற்றி வைத்திருந்து, வீடு மாறும் நாளில் அவற்றையே திரும்ப மாட்டிவிட்டு, நம் எல்.இ.டி.க்களை எடுத்துக்கொண்டு போகலாம். நாம் அவ்விதம் இரண்டு வீடுகள் மாறியாயிற்று. அன்று வாங்கிய ஆறில் நான்கு இன்னும் எரிகின்றன.

மாவுக்கட்டுப் பிரித்த மறுவாரம் நம் தாயார் ஊருக்குப் புறப்பட்டார்கள். பெட்டியை அடுக்கும்போது புடவைகளுக்கிடையே துண்டில் சுற்றிய மூன்று பல்புகள் இருந்தன. ஒன்று கொல்லை நடைக்காம். ஒன்று பக்கத்து வீட்டு மாமிக்காம். மூன்றாவது, அரை வாட் சிவப்பு விளக்கு.