ஐந்து மீட்டர் நடை

"அம்மாவுக்கு 78 ஆச்சு. சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கு. இந்த வயசுல நெஞ்சைத் திறக்கலாமா?" எலியட்ஸ் கடற்கரையில் காலை நடை முடித்து டீக்கு நிற்கும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது சார். டாக்டரே பிறந்த தேதியைவிட நடையைத்தான் உற்றுப் பார்ப்பார். 5 மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லிக் கடிகாரம் பார்ப்பார்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இதற்கு 6 வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு, இதய அறுவைக்குப் பின் மரணமோ பெரிய சிக்கலோ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தசை, மூச்சு, சாப்பாடு, நரம்பு எல்லாமே அந்தச் சில அடிகளில் தெரிந்துவிடுகிறது.

அவசர கேஸ் இல்லையென்றால், அறுவைத் தேதிக்கு முந்தைய வாரங்கள்தான் நம் கையில் இருக்கின்றன. ரத்தசோகையைச் சரிசெய்யலாம். புகையை விடலாம். மூச்சை இழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகினால், பிறகு நிமோனியா வரும் ஆபத்து குறைகிறது. வால்வு அறுவை என்றால் பல் டாக்டரையும் பார்த்தாக வேண்டும். ஈறில் உள்ள கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும்.

பெருநாடி வால்வு சுருங்கியவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில், அறுவை தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்ட ஒருவருக்கு டாக்டர் அலன் கிரிபியே ரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்தினார். அந்த 'டாவி' இப்போது சென்னையிலும் நடக்கிறது. செலவு அதிகம்தான். ஆனாலும் "அம்மாவுக்கு அது பொருந்துமா?" என்று கேளுங்கள், தயங்காதீர்கள்.

இன்னொன்று, மாத்திரைப் பையை அப்படியே மயக்க மருந்து டாக்டர் முன் கொட்டிக் காட்டுங்கள். லேகியம், முட்டிவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கும் மாத்திரை உட்பட. வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசினை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டுவதால் சட்டென்று பிடிபடாது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.