படகுக்கு எரிபொருள் நிரப்புகிறீர்களா? சிந்தாமல், தீப்பிடிக்காமல் நிரப்பும் முறை

அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, கீழக்கரை என நம் கடலோர ஊர்களில் பல குடும்பங்களின் வருமானம் கடலை நம்பி இருக்கிறது. வலையையும் வானிலையையும் அத்தனை கவனமாகப் பார்க்கும் நாம், எரிபொருள் ஊற்றும் ஐந்து நிமிடங்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். படகு தீப்பிடிப்பதற்கும் கரையோரக் கடல் கெடுவதற்கும் அந்த ஐந்து நிமிடங்களே போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஆவி

எரிவது பெட்ரோல் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான். இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சாலையில் பைக்கிலிருந்து பெட்ரோல் கசிந்தால் ஆவி காற்றில் கலந்து போய்விடும். படகோ ஒரு கிண்ணம் போன்றது. கனமான ஆவி அதன் அடியில் இறங்கித் தேங்கி நிற்கும். பிறகு பேட்டரி ஒயரிலிருந்து ஒரு சிறு பொறி, ஒரு பீடி நெருப்பு, ஒரு தீக்குச்சி போதும்.

மண்ணெண்ணெயும் டீசலும் பெட்ரோல் அளவுக்கு எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் சூடான எஞ்சின் மீது சிந்தினால் அவையும் பற்றிக்கொள்ளும்.

கரையில் வைத்தே நிரப்புங்கள்

அவுட்போர்டு எஞ்சினுக்குத் தனியாகக் கழற்றும் டேங்க் இருந்தால், அதைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புவதே சிறந்தது. ஆடும் படகில் கேனைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. சிந்தினாலும் கடலில் விழாது.

தரையில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எரிபொருள் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் உருவாகும். பிளாஸ்டிக் கேன் ஃபைபர் தளத்திலோ, வண்டியிலோ இருந்தால் அந்த மின்சாரம் இறங்க வழியில்லை. பெட்ரோல் பங்கிலும் கேனை வண்டியில் வைத்து நிரப்பாமல், தரையில் இறக்கி, மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

படகிலேயே பொருத்திய டேங்க் என்றால், முதலில் எஞ்சினையும் அடுப்பையும் அணைத்து, ஆட்களைக் கரையில் இறக்குங்கள். எஞ்சின் அறைக் கதவை மூடிக்கொண்டு நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். அடித்தளத்தில் பெட்ரோல் வாடை இருந்தால், அது போகும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. இருட்டில் டார்ச் மட்டுமே. விளக்கோ தீக்குச்சியோ வேண்டாம்.

கடைசி அரை லிட்டர்

பெரும்பாலும் சிந்துவது கடைசியாக ஊற்றும் கொஞ்சம்தான். வாய் வரை நிரப்பினாலும் பிரச்சினை முடிவதில்லை. வெயிலில் பெட்ரோல் விரியும். 25 லிட்டர் பெட்ரோலின் வெப்பம் 20 டிகிரி கூடினால், அதன் அளவு ஏறக்குறைய அரை லிட்டர் அதிகரிக்கும். இடமில்லாத டேங்கில் அது காற்றுத் துளை வழியாக வெளியே வரும். எனவே பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்துங்கள்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை முன்பே கணக்கிடுங்கள். விசைப்படகின் டீசல் டேங்கில் காற்றுக் குழாய் வாயில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டால், வழிவது கடலுக்குள் போகாது.

சிந்திவிட்டால்

கடலில் விழுந்த எண்ணெய் மீது சோப்புத் தூளைத் தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் மறைந்தது போலத் தெரியும், ஆனால் போகாது. துளித்துளியாக உடைந்து நீருக்குள் கலந்து, மீன்குஞ்சுகளுக்கு இன்னும் அதிகக் கேடு செய்யும். பழைய துணியால் ஒற்றி எடுப்பதே சரி. நனைந்த துணியைக் கடலில் வீசவோ எஞ்சின் அருகே போடவோ கூடாது. படகின் அடியில் எண்ணெய் கலந்து தேங்கிய தண்ணீரையும் கடலில் இறைக்காமல், கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நாடு முழுவதும் செய்தியானது. ஒவ்வொரு படகிலிருந்தும் தினமும் சிந்தும் கால் லிட்டர் செய்தியாவதில்லை. ஆனால் அது விழுவது பாக் விரிகுடாவின் ஆழமற்ற கரையோரத்தில். இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் கடற்புல் பரப்பில். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததும் இந்தக் கடற்புல்லுக்காகவே. நாளைக்கு நம் வலையில் விழ வேண்டியது அங்கேதான் வளர்கிறது.

எரிபொருள் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதப்பதால் தீ பரவும். உலர் பொடி தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். கரையில் என்றால் மணல் உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

எரிபொருள் கேனை அடுக்களையிலோ படுக்கும் அறையிலோ வைக்க வேண்டாம். குடிதண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இதே காரணத்துக்காக, குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எரிபொருள் மாற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

கடலுக்குப் போகும் வாப்பாவுக்கும் காக்காமார்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.